கயிறு அறுந்தால் சாதி அறுமா?

கல்விக்கூடத்தில் கரும்பலகைக்கு இடமுண்டு, சுண்ணக்கட்டிக்கு இடமுண்டு, அரிவாளுக்கு இடமேது என்று கேட்போர் உளர். நாட்டு நடப்பே அவர்களுக்கு விடை கூறுகிறது. 2023 ஆகஸ்டுத் திங்களில், நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட சமுதாயத்து மாணவன் ஒருவன் தன் வீட்டிலேயே வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். குற்றஞ்சாட்டப்பட்டோர் யார்? அவன் பயின்ற பள்ளியிலேயே பயின்ற மாணவர்கள்! பள்ளியில் பட்ட தொல்லையை அவன் ஆசிரியரிடம் எடுத்துரைத்தான். அதுவன்றோ அவன் இழைத்த 'குற்றம்'!

அக்கொடுமைக்குப் பின் தமிழக அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களை ஒரு நபர் குழுவாக அமர்த்தியது. 2024 ஜூன் 18ஆம் நாள் அளிக்கப்பட்ட அவரது அறிக்கை 600 பக்கங்களுக்கும் மேற்பட்டது. அதனைப் பாராட்டுவது நம் கடமை. ஆராய்வது அதனினும் பெரிய கடமை.

பாராட்டுக்குரியது எது? நோயைப் பெயர் சொல்லி அழைத்த துணிவு! பள்ளிப் பெயர்களில் ஒட்டியுள்ள சாதிப் பெயரை நீக்குக. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகிய அடையாளங்களைத் தடுத்திடுக. அகர வரிசைப்படி மாணவரை அமர்த்துக. வருகைப் பதிவேட்டில் சாதி தெரியும் குறிப்பு வேண்டா. ஆசிரியரைக் காலமுறையில் இடமாற்றுக என்றெல்லாம் அவ்வறிக்கை பரிந்துரைத்தது. நெற்றிக் குறி என்ற சொல்லைக் கண்டதுமே சிலர் கொதித்தெழுந்தனர். குருதி வழிந்த கைகளைக் கண்டபோது எழாத கொதிப்பு, குறி அழியுமோ என்றபோது எழுந்தது ஏன்?

இனி நம் மறுப்பைக் கூறுவோம். 500க்கு மேற்பட்ட மாணவர் பயிலும் உயர்நிலை, மேனிலைப் பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்கிறது அறிக்கை. நன்று! ஆயின் 200 பேரும் 300 பேரும் பயிலும் சிற்றூர்ப் பள்ளியின் நிலை என்ன? தெருவே சாதியாகப் பிரிந்து கிடக்கும் ஊரில், முறையிடும் சிறுவனுக்கு யார் காவல்? நாங்குநேரி கற்பித்த பாடம் இதுவே: முறையீட்டைக் கேட்டால் மட்டும் போதாது, முறையிட்டவனைக் காத்திடவும் வேண்டும். எண்ணிக்கையால் அளக்கத்தக்கதன்று இக்காவல்.

மற்றொன்று. கயிற்றைப் பள்ளி வாயிலில் அறுத்துவிடலாம். அதைக் கட்டிவிட்ட கை எங்கே இருக்கிறது? திருவிழாவில் இருக்கிறது, சாதிச் சங்கத்தின் சுவரொட்டியில் இருக்கிறது, வீட்டுத் திண்ணைப் பேச்சில் இருக்கிறது. மாலையில் வீடு திரும்பும் மாணவனுக்கு மறுகயிறு காத்திருக்கிறது. எனவே தடை மட்டும் போதாது. தடையின் காரணம் வகுப்பில் விளக்கப்பட வேண்டும். அதே நெல்லை மாவட்டத்துச் சேரன்மாதேவிக் குருகுலத்தில், 1920களில், பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தி போடப்பட்டதையும், பெரியாரும் வரதராசுலுவும் அதனை எதிர்த்ததையும் எத்தனை மாணவர் அறிவர்? தாம் கட்டியிருப்பது வீரத்தின் சின்னமன்று, தனிப்பந்தியின் எச்சமே என்று உணர்ந்தால், அவர்களே அதனை அவிழ்த்தெறிவர்.

பிரம்பு போனதால் வன்முறை வந்தது என்று புலம்புவோரும் உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடுக்கிறது. அது சரியே! வலியவன் மெலியவனை அடிக்கலாம் என்பதுதான் பிரம்பு கற்பித்த பாடம். அரிவாளும் அதே பாடத்தைத்தான் படித்திருக்கிறது. சாதிப் பிரம்பும் பள்ளிப் பிரம்பும் ஒரே மூங்கிற் புதரில் வெட்டியவை.

ஆசிரியத் தோழர்களே! "இது ஊர்ப் பகை, நமக்கென்ன?" என்று நாம் முகந்திருப்பும் ஒவ்வொரு நாளும், கடைசி வரிசையில் ஒரு சிறுவன் வாய் மூடுகிறான், பின் பள்ளிக்கே வாராமல் நின்றுவிடுகிறான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே விழும் விடுப்புக் குறியை வெறும் கோடெனக் கடந்து செல்லாதிருப்போம். ஏன் வரவில்லை என்று அன்றே கேட்போம். சொன்னால் அவனுக்குத் துணை நிற்போம். அறிக்கை அரசுக்கு எழுதப்பட்டது. அதனை நிறைவேற்றும் இடம் நம் வகுப்பறை.