பெயரற்ற பூனையும் திரும்பாத பூனையும்: சோசெகி, ஹியாக்கென் எழுத்துகளில் தெருப்பூனை உறவு

ஆய்வுச் சுருக்கம்

தெருவிலிருந்து வந்துசேர்ந்த பூனை எப்போது ஒரு குடும்பத்தின் உறவாகிறது என்னும் வினாவை, ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகியின் (1867–1916) 'பூனையின் சமாதி', அவர்தம் மாணாக்கர் உச்சிதா ஹியாக்கெனின் (1889–1971) 'நொராவே' ஆகியவற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. உணவிடலில் தொடங்கும் உறவு இழப்பின்போதே அறியப்படுகிறது என்பதும், அவ்விழப்பு இறப்பா காணாமற்போதலா என்பதற்கேற்பத் துயரின் வடிவம் மாறுகிறது என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: ஜப்பானிய இலக்கியம், தெருப்பூனை, பெயரிடல், இழப்பு, சடங்கு.

'யாம்' என்று பேசும் பூனை

சோசெகியின் 'நான் ஒரு பூனை' 1905 சனவரியில் 'ஹொத்தொத்தொகிசு' இதழில் ஒற்றை இயலாக வெளிவந்து, வரவேற்புக் கிடைத்ததால் நீண்டு, 1906இல் பதினோர் இயல்களுடன் நிறைவுற்றது. இதன் மூலத் தலைப்பில் உள்ள 'வாகாஹாய்' என்னும் தன்மைப் பெயர் செருக்கும் பதவியும் உடையோர் தம்மைச் சுட்டப் பயன்படுத்தியது. தமிழில் 'நான்' என்று பெயர்க்கும்போது அச்செருக்கு காணாமற்போகிறது. 'யாம்' என்பதே அதற்கு ஓரளவு நெருங்கிவரும். பிறந்த இடம் அறியாத, பெயரும் இல்லாத தெருக்குட்டி ஒன்று 'யாம்' என்று பேசத் தொடங்குவதில்தான் நாவலின் அங்கதம் முழுவதும் அடங்கியுள்ளது.

எனினும் அந்த 'யாம்' பூனையை மனிதர்க்கு மேலே அமர்த்திவிடுகிறது. அது ஆசிரியர் வீட்டையும் வருவோர் போவோரையும் காண்கிறது. அதனைக் காண்பார் எவருமில்லை. பணிப்பெண் பலமுறை வெளியே எறிந்தும் திரும்பத் திரும்ப உள்ளே வரும் குட்டியை வீட்டுத்தலைவர் இருக்க விடுகிறார் என்ற முதல் இயல் நிகழ்ச்சிக்குப் பின், வளர்ப்போர்க்கும் பூனைக்கும் இடையிலான பிணைப்பு நாவலின் பொருளாக இல்லை. இறுதியில் பூனை பீர் குடித்துத் தண்ணீர்ச் சாடியில் விழுந்து இறக்கிறது. பேசும் குரல் அத்துடன் நின்றுவிடுவதால் வீட்டார் அதற்காக வருந்தினரா என்பதை அறிய வழியில்லை. பூனை இலக்கியத்தின் தலையாய நூலாகப் போற்றப்படும் இந்நாவல், பூனையுறவைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவே.

கறுப்பு நகங்கள்

நாவலுக்குத் தூண்டுதலான உண்மைப் பூனை 1904இல் டோக்கியோவின் செந்தாகி பகுதியில் இருந்த சோசெகியின் வீட்டுக்குத் தானாக வந்தது. சோசெகியின் மனைவி கியோக்கோ சொல்ல, மருமகன் எழுதி 1928இல் வெளிவந்த நினைவுக்குறிப்பு இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளது. கியோக்கோவுக்குப் பூனைகள் பிடிக்காது. எத்தனைமுறை வெளியேற்றினும் அது மீண்டும் வந்தது. வந்தால் இருக்கட்டும் என்றார் சோசெகி. பின்னர், உடம்பு பிடித்துவிட வந்த மூதாட்டி ஒருவர் குட்டியின் நகங்கள்வரை கறுப்பாயிருப்பதைக் கண்டு, இது வீட்டுக்கு நற்பேறு தரும் பூனை என்று சொன்ன பிறகே கியோக்கோவின் நடத்தை மாறியது. ஆதரவற்ற உயிர்க்கு இரங்கி அடைக்கலம் தந்தனர் என்னும் வழக்கமான சித்திரம் இங்குப் பொருந்தாது. கணவரின் அசட்டைக்கும் மனைவியின் நற்பேற்று நம்பிக்கைக்கும் இடையில் கிடைத்த சிறு இடைவெளியில் அந்தப் பூனை வாழ்ந்தது. கடைசிவரை அதற்குப் பெயரிடப்படவில்லை.

1908 செப்டம்பர் 13 அன்று அது இறந்தது. சோசெகி மாணாக்கர் சிலருக்கு இறப்புச் செய்தி அஞ்சலட்டைகள் அனுப்பினார். தாம் 'சன்ஷிரோ' நாவலை எழுதிக்கொண்டிருப்பதால் இறுதிச்சடங்குக்கு எவரும் வரவேண்டியதில்லை என்றும் அவற்றில் குறித்தார். இது வேடிக்கைதான். ஆயினும் வேடிக்கைக்கு அவர் தேர்ந்த வடிவம், குடும்பத்தார் மறைந்தால் மட்டுமே அனுப்பப்படும் வடிவம் என்பது கருதத்தக்கது.

'பூனையின் சமாதி'

1909இல் எழுதிய 'எய்ஜிட்சு ஷோஹின்' என்னும் குறுங்கட்டுரைத் தொடரில் சோசெகி இந்த இறப்புக்குத் திரும்புகிறார். சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரை, உறவைக் காட்டும் திறத்தில் நாவலைவிட உயர்ந்தது. இங்குப் பேசுவது பூனையன்று; காண்பவர் வீட்டுத்தலைவர். பூனை இளைக்கிறது, வால் மயிர் உதிர்கிறது, உண்டதை வாந்தியெடுத்து மெத்தைகளைப் பாழாக்குகிறது. மனைவி சலிப்படைகிறார். இறுதி நாளில் அது பகல் முழுவதும் முனகிக்கொண்டிருக்கிறது. இரவானதும் கணவரும் மனைவியும் அதனை அடியோடு மறந்துவிடுகின்றனர். அந்த இரவில்தான் அது இறந்தது என்று எந்த அலங்காரமும் இன்றி எழுதிச் செல்கிறார் சோசெகி. குற்றவுணர்வைக் குறிக்கும் ஒரு சொல்கூட அங்கு இல்லை. அச்சொல் இருந்திருப்பின் அந்த இடம் இத்துணை வலிமை பெற்றிராது.

மறுநாள் காலை, பின்புறக் கொட்டகையில் பழைய அடுப்பின்மேல் பூனையின் விறைத்த உடல் காணப்படுகிறது. அதுவரை பாராமுகமாயிருந்த மனைவி திடீரெனப் பரபரப்படைகிறார். சமாதிக்கு நட மரக்கட்டை வாங்கிவரச் செய்து, அதில் எழுதித்தருமாறு கணவரைக் கேட்கிறார். பிள்ளைகள் மலர் வைக்கின்றனர். மூன்றாம் நாள் மாலை நான்கு வயது மகள் தனியே வந்து, பூனைக்குப் படைத்த கிண்ணத்து நீரைப் பொம்மை அகப்பையால் முகந்து குடிப்பதைத் தந்தை சன்னல்வழிக் காண்கிறார். படையலுக்கும் பருகுநீருக்கும் வேறுபாடு அறியாத குழந்தையின் இச்செயல், பெரியோர் காலங்கடந்து செய்யும் சடங்கைப் பகடி செய்கிறது. அதே வேளையில், இறந்த பூனையின் கிண்ணத்திலிருந்தே உண்ணும் அளவு நெருக்கமும் அதில் புலனாகிறது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளும் வாசிப்பு குறையுடையது.

மாதந்தோறும் இறந்த நாளில் மனைவி ஒரு துண்டு சால்மன் மீனும், பொனிட்டோ மீன்சீவல் தூவிய ஒரு கிண்ணச் சோறும் படைக்கிறார். அண்மைக்காலமாக அவற்றைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்வதில்லை. கூடத்து இழுப்பறைப் பெட்டியின்மேல் வைத்துவிடுகிறார் என்னும் குறிப்புடன் கட்டுரை நிற்கிறது. இதனைச் சடங்கின் தேய்வாகக் கொள்ளலாம். ஆனால் வீட்டின் உள்ளே இடம் கொடுக்கத் தயங்கிய உயிர்க்குக் கூடத்தில் படையல் வைக்கப்படுகிறது என்பதையும் காணவேண்டும். இறந்த பின்னரே அது முழுமையாக வீட்டுக்குள் வந்திருக்கிறது.

'அவன் ஒரு பூனை'

ஹியாக்கெனின் பூனை தெருப்பூனை ஈன்ற குட்டி. ஜப்பானியத்தில் தெருப்பூனையை 'நொராநெக்கோ' என்பர். அதன் முற்பகுதியே பெயராயிற்று. இப்செனின் 'பொம்மை வீடு' நாடகத்துக் கதைத்தலைவிக்கும் இதற்கும் தொடர்பில்லை, இது ஆண்பூனை என்று ஹியாக்கெனே விளக்குகிறார். சோசெகி வீட்டார் பெயரிடாததால் பூனையைத் தொலைவில் நிறுத்தினர். ஹியாக்கெனோ பெயரிட்டும் அதன் தெருத்தன்மையைப் பெயருக்குள்ளேயே பாதுகாத்தார். ஒவ்வொரு முறை அழைக்கும்போதும், இது நம்முடையதன்று என்பதையும் சேர்த்தே அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நொராவைப் பற்றிய முதற்கட்டுரைக்கு 'அவன் ஒரு பூனை' என்று தலைப்பிட்டது ஆசிரியரின் நாவலை நோக்கிய குறும்பு. தன்மை படர்க்கையாக மாறும்போது பூனை மீண்டும் காணப்படும் உயிராகிறது.

1957 மார்ச் 27 அன்று தோட்டத்தின்வழி வெளியே சென்ற நொரா திரும்பவில்லை. அறுபத்தேழு வயதான ஹியாக்கென் செய்தித்தாளில் விளம்பரம் தந்தார். துண்டறிக்கைகளைப் பலமுறை அச்சிட்டு வழங்கினார். நொரா படுத்துறங்கிய குளியல்தொட்டி மூடியின்மேல் முகம் புதைத்து அழுததை நாட்குறிப்பாகப் பதிவு செய்தார். இதே அழுகை, இதே மழை, இதே காத்திருப்பு எனப் பக்கங்கள் நீள்கின்றன. இவற்றை நயமுடைய உரைநடை என்று சொல்வதற்கில்லை. அகிரா குரோசாவாவின் 'மாததாயோ' (1993) திரைப்படம் இத்தேடலை ஆசிரியர்–மாணாக்கர் கதையின் ஒரு பகுதியாக்கி இதமாகக் காட்டுகிறது. நூலில் அந்த இதம் இல்லை.

ஹியாக்கெனின் துயரத்தை முதுமையின் மிகையுணர்ச்சி என்று ஒதுக்குவது எளிது. ஆனால் கூறியது கூறல் இந்நூலின் குறையாக மட்டும் இல்லை. உடல் கிடைக்காதவிடத்துச் சமாதி இல்லை. சமாதி இல்லாதவிடத்து மரக்கட்டையில் எழுதி முடிக்கவும் இயலாது. சோசெகி வீட்டில் மாதம் ஒருநாள் என்று எல்லை பெற்ற நினைவு, இங்கு நாள்தோறும் தொடங்கி நாள்தோறும் முடியாமல் போகிறது. பின்னர், நொராவை ஒத்த குட்டைவால் பூனை ஒன்று வந்து சேர்ந்தது. 'குட்டை' எனப் பொருள்படும் செருமானியச் சொல்லால் அதற்குக் குர்ட்ஸ் என்று பெயரிட்டார் ஹியாக்கென். அது 1962இல் நோயுற்று அவர் வீட்டிலேயே இறந்தது. அதற்கும் அவர் அழுதார். ஆனால் அந்த இறப்புக்கு ஒரு நாள் உண்டு. நொராவுக்கு அது இல்லாததால் அவர் பின்னும் நொராவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

நொரா விரும்பி உண்டது சுஷிக் கடையிலிருந்து வரும் முட்டை. அது போன பின் அக்கடையில் சுஷி வாங்க ஹியாக்கெனுக்கு மனம் வரவில்லை. சோசெகியின் மனைவி இறந்த பூனைக்கு மீன் வைத்தார். முட்டையைப் படையலாக வைத்தால் நொரா இறந்துவிட்டதாக ஒப்புக்கொள்வதாகும்; வைக்காமல் தாமே உண்ணவும் ஹியாக்கெனால் இயலவில்லை.