ஆய்வாளர் காணாத முகாம்கள்

போர்க் கைதிகளின் முகாம்களை நடுநிலையாளர் நேரில் பார்வையிட 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை வழி வகுத்தது. ஜப்பான் அதில் கையொப்பமிட்டது, உறுதிப்படுத்தவில்லை. 1942-43இல் சயாம்-பர்மா இருப்புப்பாதை அமைத்த நேச நாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கும் மேல். அவருள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆயினும் படைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகளை இன்றும் காணலாம்.

அதே பாதையில் மடிந்த மலாயாத் தோட்டத் தமிழரோ கைதிகளல்லர், கூலிகள். குடிமக்களைக் காக்கும் ஜெனீவா உடன்படிக்கை 1949இல்தான் உருவாயிற்று. மாண்ட தமிழர் தொகைக்கு இன்றும் மதிப்பீடுகளே உள.

இவர்தம் துயரைப் பொருளாகக் கொண்டதே மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' புதினம். அதனைக் கதை நயம் ஒன்றால் மட்டும் மதிப்பிடுதல் தகாது என்பது நம் கருத்து. எந்த ஆய்வாளரும் எழுதாத அறிக்கையின் இடத்தில் அந்நூல் நிற்கிறது. எனினும் புதினம் துயரை உணர்த்துமேயன்றி, மாண்டோர் பெயர்களை மீட்டுத் தாராது. அது வரலாற்றாசிரியர் கடன்.

பிழைப்பு நாடி ஐதராபாத் வந்த நமக்கு அலுவலகப் பதிவேட்டிலேனும் பெயருண்டு. அதுவும் இன்றி மறைந்தோர் கதையை நம் பிள்ளைகள் தமிழிலேயே படித்தறிதல் வேண்டும்.