ஆனந்தி என்ன படித்தாள்?

“மார்க் குறைவா?”

நான் இளங்கலைத் தமிழில் சேர்ந்த நாள் முதல் முனைவர் பட்டம் வாங்கிய நாள் வரை என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். உறவுக்காரர்கள் கேட்டார்கள், பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த அம்மாக்கள் கேட்டார்கள். இன்று என் வகுப்பிலிருக்கும் பெண்களும் இதே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி தமிழை விரும்பி எடுத்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்த அவமானத்தைத் தமிழ்த் திரையில் நேராகப் பேசிய படம், 2007-இல் வந்த ராமின் ‘கற்றது தமிழ்’. முதலில் அதற்கு வைத்த பெயர் ‘தமிழ் எம்.ஏ.’ தன் தமிழாசிரியர் மீது கொண்ட அன்பில் தமிழ் படிக்கும் பிரபாகர், சொற்பச் சம்பளத்துக்குப் பள்ளி ஆசிரியராகிறான். கணினித் துறைச் சம்பளத்தில் மின்னும் சென்னையில் அவனுக்கு இடமில்லை. அவமானம் கோபமாகிறது, கோபம் கொலையாகிறது. அப்போது நான் ஆய்வு மாணவி. படம் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் அழுதேன். நம்மைப் பற்றியும் ஒருவர் படமெடுத்துவிட்டார் என்று இருந்தது.

பல ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தபோது ஆனந்திதான் கண்ணில் பட்டாள். சிறுவயதிலிருந்து பிரபாகர் நேசித்தவள், அவன் தொலைத்துவிட்டுத் தேடுகிறவள். கடைசியில் அவளை ஒரு பாலியல் விடுதியில் கண்டெடுக்கிறான். பிரபாகரின் பட்டத்துக்கு இந்த நாட்டில் என்ன மதிப்பு என்று படம் முழுக்கக் கேட்கிறது. ஆனந்திக்கு எதைப் படிக்க ஆசை இருந்தது என்பது அந்தப் படத்தின் கவலை அல்ல.

இது ராமின் மீதான குற்றச்சாட்டு மட்டும் இல்லை. பாட இகழ்ச்சியைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் ஆணின் சம்பளத்தை வைத்தே பேசுகிறோம். படித்தான், உரிய ஊதியம் கிடைக்கவில்லை, அதனால் காயப்பட்டான். பெண்ணின் கதை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

என் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். ஏன் இங்கே வந்தார்கள் என்று கேட்டால், தமிழ் பிடிக்கும் என்பதோடு வேறு பதில்களும் வரும். கல்லூரி வீட்டுக்குப் பக்கம், அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு, மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு பிள்ளையைத்தான் பொறியியல் படிக்கவைக்க முடியும் என்றால் அது தம்பிதான். இவள் எடுத்த மதிப்பெண் அவனுடையதைவிட அதிகமாக இருந்தாலும் அப்படித்தான். மலிவான பாடம் என்று ஊர் இகழ்ந்ததால்தான் வீடு இவளை அதற்கு அனுப்பியது. ஆகவே “என்ன படிச்ச, எங்க படிச்ச” என்ற கேள்விக்கு ஒரு பெண் சொல்லும் பதிலில் அவள் அறிவைவிட, அவள் வீட்டில் முடிவெடுத்தவர்கள் யார் என்பதே அதிகம் தெரிகிறது.

அந்தப் பட்டம் பிறகு கல்யாணச் சந்தைக்குப் போகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில், 2011 முதல் பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டம் அல்லது பட்டயம் பெற்றவளுக்கு 50,000 ரூபாய், இருவருக்கும் தாலிக்குத் தங்கம். ஏழைப் பெண்களைப் படிக்கவைக்க அது உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் படிப்பின் பலன் மணமேடையில்தான் கைக்கு வந்தது. அரசாவது எந்தப் பாடம் என்று கேட்கவில்லை. மாப்பிள்ளை வீடு கேட்டது: “தமிழா? நாளைக்குப் பிள்ளைக்கு ஹோம்வொர்க் சொல்லித்தர இங்கிலீஷ் படிச்ச பொண்ணா இருந்தா நல்லது.” 2022-இல் அந்தத் திட்டம் புதுமைப்பெண் திட்டமாகி, அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியது. கல்யாணத்துக்குக் காத்திருக்காமல், படிக்கும்போதே அவள் வங்கிக் கணக்குக்குப் பணம் வருவது பெரிய மாற்றம்.

இதுவரை எழுதியதில் நான் பாதிக்கப்பட்டவள். இனி எழுதுவது வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் பணிக்கான நேர்காணல் குழுவில் இருந்தேன். நாற்பதை நெருங்கும் ஒரு பெண் வந்தார். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது கல்யாணம், படிப்பு நின்றுபோனது. பிறகு பி.ஏ., எம்.ஏ. இரண்டையும் தொலைநிலைக் கல்வியில் முடித்திருக்கிறார். பக்கத்திலிருந்தவர் கோப்பைப் புரட்டி, “கரஸ்ஸா?” என்றார். நான் அதைவிட மரியாதையாகக் கேட்டேன்: “ரெகுலரா படிச்சது எதுவும் இல்லையாம்மா?”

“ரெகுலரா படிக்க யாரு மேடம் விட்டாங்க?”

அவருக்கு வேலை கிடைக்கவில்லை. அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அஞ்சல்வழிக் கல்வி யாருக்கானது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் வருவதற்கு முன்பே அண்ணாமலையும் மதுரை காமராசரும் அதை நடத்தின. ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்புக்குக் கைக்குழந்தையோடு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் தெளிவாகவே அறிவித்தது. விதியில் சமமான பட்டம், நேர்காணல் மேசைக்கு வந்ததும் கீழே இறங்கிவிடுகிறது. அங்கே எல்லாருக்கும் உகந்தது, பதினேழு வயதில் சேர்ந்து இடைவெளியில்லாமல் படித்து முடித்த வாழ்க்கை. அப்படிப்பட்ட வாழ்க்கை யாருக்கு எளிதில் வாய்க்கிறது என்று நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை.

சாதியைப் பற்றிப் பேசும்போது அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் கீழே ஒரு படி இருப்பதால், ஏணியை யாரும் உடைக்க வருவதில்லை. பட்டங்களின் ஏணியும் அந்தப் பாடத்தைக் கற்றுவைத்திருக்கிறது. பொறியியலுக்குக் கீழே கலைப்பாடம், ஆங்கிலத்துக்குக் கீழே தமிழ், பி.ஏ.வுக்குக் கீழே பி.லிட்., எல்லாவற்றுக்கும் கீழே ‘கரஸ்’. பிரபாகரின் கோபம் மேல்படியை மட்டும் பார்த்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக என் கோபமும் அப்படித்தான். எனக்குக் கீழே நிற்பவளைப் பார்த்து “மார்க் குறைவா?” என்பதை வேறு சொற்களில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதைப் படிக்கும் மாணவியரில் சிலர் நாளை அந்த மேசையின் இந்தப் பக்கம் உட்காருவீர்கள். எங்கே படித்தாய் என்பதை விட்டுவிட்டு, எதை வாசித்தாய், வகுப்பில் அதை எப்படி நடத்துவாய் என்று கேளுங்கள். நான் அதைக் கேட்கவில்லை. நேர்காணல் முடிந்து கோப்புகளை அடுக்கும்போதுதான் அவர் கோப்பின் கடைசித் தாளைப் பார்த்தேன். நெட் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறியிருந்தார். எனக்கு மூன்று முறை ஆனது.