விறாந்தைப் படியில் பன்னிரண்டு கிழமை

"நரம்பு பிசகிப் போச்சுது."

யாழ்ப்பாணத்தில் குதிக்கால் நொந்தாலும், முழங்கை நொந்தாலும், தோள்மூட்டைத் தூக்க முடியாமற் போனாலும் முதலில் காதில் விழும் தீர்ப்பு இதுதான். சொல்பவர் பரியாரியாராகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டு மாமியாகவும் இருக்கலாம். பிசகியது நரம்பென்றால் உருவி இடத்தில் விடவேண்டும். ஆகவே எண்ணெய், உருவல், கட்டு. அதே ஆள் ஆஸ்பத்திரிக்குப் போனால் "அழற்சி" என்பார்கள். அழற்சியென்றால் தணிக்கவேண்டும். ஆகவே குளிசை, ஊசி, ஓய்வு. முதற்பெயர் முழுப்பிழை, இரண்டாவது பாதிப்பிழை. சிகிச்சையோ இரண்டிடத்திலும் பெயரின் பின்னாலேயே போகிறது.

நொந்தது தசைநாண். தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் வெள்ளைக் கயிறு. ஆட்டிறைச்சி வெட்டும்போது கத்திக்கு மசியாமல் வழுக்குகிறதே ஒரு நார், அதுதான். இரத்தவோட்டம் குறைந்த இடம். நாட்பட நொந்த தசைநாண்களை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தவர்கள், அழற்சிக் கலங்களைத் தேடிய இடத்தில் பெரும்பாலும் ஒழுங்கு குலைந்த கொலாஜன் நார்களைத்தான் கண்டார்கள். கரிம் கான், ஜில் குக் முதலியோர் 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில், அழற்சி என்ற கட்டுக்கதையைக் கைவிடும் காலம் வந்துவிட்டது என்ற பொருள்பட எழுதினார்கள். அழற்சிக்கும் ஓரளவு பங்குண்டு என்று பின்வந்த ஆய்வுகள் அதைச் சற்றுத் திருத்தியுள்ளன. ஆனாலும் நோவைத் தணித்தால் நார் தானே நேராகிவிடும் என்ற பழைய நம்பிக்கை மீண்டும் எழுந்து நிற்கவில்லை.

இதைவிட வியப்பான செய்தி 2013இல் டென்மார்க்கிலிருந்து வந்தது. 1955க்கும் 1963க்கும் இடையில் வல்லரசுகள் வானவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. அந்தக் கார்பனின் அளவை வைத்து, மனிதரின் குதிநாண் எந்த வயதில் உருவானது என்று கணக்கிட்டார்கள். நடுப்பகுதி ஏறக்குறையப் பதினேழு வயதுக்குப் பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் ஓடித்திரிந்த அதே கயிற்றில்தான் அறுபதிலும் நிற்கிறோம். அப்படியானால் "சுகம் வந்துட்டுதோ?" என்று ஊரார் கேட்கும் கேள்விக்கு என்ன பொருள்? பழையபடி ஆகிவிடுவது என்றால், அது நடக்காது. சுமையைத் தாங்கும் வலு திரும்புவது என்றால், அது நடக்கும். இயன்மருத்துவத்தை (பிசியோதெரபியை) எடைபோட நான் இந்த இரண்டாவது பொருளைத்தான் தராசாக வைத்துக்கொள்கிறேன்.

தராசைக் கையிலெடுக்கும் உரிமை எனக்கு நோவினால் கிடைத்தது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெறுங்காலோடு வீதி சுற்றி, அந்தக் களைப்போடேயே மாலையில் பட்மின்ரனும் ஆடியதில் வலக் குதிக்கால் பிடித்துக்கொண்டது. விடிய எழுந்து முதல் அடி வைப்பது முள்ளில் வைப்பதுபோல. சித்தாலேப பூசினேன். மூசாம்பரமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பத்துப் போட்டேன். பிறகு ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் பத்து நாள் ஒலியலை இயந்திரம் பிடித்தார்கள். குளிர்ந்த பசையைத் தடவி, கைப்பிடி போன்ற ஒன்றை வட்டமாகத் தேய்ப்பார்கள். ஐந்தாறு நிமிடம். முடிவில் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாள். அதில் பயிற்சிப் படங்கள் நாலு. "இதைச் செய்யுங்கோ" என்றார்கள். எத்தனை தரம், எத்தனை நாள், நொந்தால் நிறுத்துவதா தொடர்வதா என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மானிப்பாய் நினைவுக்கு வந்தது. 1847இல் இங்கு வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் அங்கேதான் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் சத்திரசிகிச்சை நூல்களையும் தமிழாக்கினார். ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுக்குப் பிறகு என் குதிக்காலுக்கு ஆங்கிலத் தாள். இது கிடக்கட்டும்.

ஒலியலை இயந்திரத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. தசைநாண் நோவில் அது பொய்ச் சிகிச்சையைவிடக் குறிப்பிடத்தக்க பயன் தருவதாக உறுதியான சான்று இல்லை. நெடுந்தீவிலிருந்து ஒருவர் குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பஸ் பிடித்து, ஐந்து நிமிடத் தேய்ப்புக்காக ஒரு நாட்கூலியை இழந்துவிட்டுப் போவது வீண்.

ஊசி அப்படி லேசாகத் தள்ளிவிடக்கூடியதல்ல. பிரிஸ்பேனில் முழங்கை நோவுள்ள 198 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு பகுதிக்கு இயன்மருத்துவம், மற்றப் பகுதிக்குப் பொறுத்திருங்கள் என்ற அறிவுரை மட்டும் கொடுத்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. ஆறு கிழமையில் ஊசிக்காரரில் நூற்றுக்கு 78 பேருக்குச் சுகம். இயன்மருத்துவத்தில் 65. பொறுத்திருந்தோரில் 27. இந்த இடத்தில் நிறுத்தினால் ஊசிக்குத்தான் வெற்றி, நம் ஊரில் பலரும் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். ஆனால் ஊசியால் தேறியவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு நோ திரும்பி வந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மற்ற இரு பகுதியினரும் அவர்களை முந்திவிட்டார்கள். 2013இல் அதே குழுவைச் சேர்ந்தவர்கள் 165 பேரிடம் ஸ்டீராய்டையும் வெற்று ஊசியையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் தேறியவர்கள் ஸ்டீராய்டில் நூற்றுக்கு 83, வெற்று ஊசியில் 96. மருந்தில்லாத ஊசி மருந்துள்ள ஊசியை வென்றது.

ஆனாலும் உரும்பிராயிலோ சுன்னாகத்திலோ வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்கு மண்வெட்டி பிடிக்கும் ஒருவரிடம் போய் "ஒரு வருடக் கணக்கைப் பாருங்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அறுவடை இரண்டு கிழமையில். அவருக்கு அந்த ஆறு கிழமைதான் வருடம். அவர் ஊசி போட்டுக்கொள்வதைக் குற்றமென்று சொல்லமாட்டேன். நோ திரும்பும் வாய்ப்பு எவ்வளவென்று சொல்லாமல் போட்டுவிடுவதுதான் குற்றம்.

அந்தப் பிரிஸ்பேன் ஆய்வில் இயன்மருத்துவக்காரருக்குக் கசக்கும் ஒரு செய்தியும் உண்டு. வருட முடிவில் இயன்மருத்துவம் பெற்றவர்களுக்கும் சும்மா பொறுத்திருந்தவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சிகிச்சையால் கிடைத்தது முதற்சில மாதங்களின் நிம்மதி. அதுவும் சின்ன விடயமில்லை. ஆனால் "நாங்கள் குணப்படுத்தினோம்" என்று விளம்பரப் பலகையில் எழுதுவதற்கு அது போதாது.

குதிநாணின் கதை வேறு. சுவீடனின் உமேயோ நகரில் ஹாக்கன் அல்பிரெட்சன் என்ற எலும்பியல் மருத்துவருக்குத் தம் குதிக்காலிலேயே தீராத நோ. சத்திரசிகிச்சை செய்யச் சொல்லிக் கேட்டார், மேலதிகாரி மறுத்தார். நாண் அறுந்தாலாவது வெட்டுவார்கள்தானே என்று நொந்த காலில் பாரமேற்றிப் பயிற்சி செய்யத் தொடங்கினார். அறவில்லை, நோ போய்விட்டது. 1998இல் அதையே முறையாகச் செய்து வெளியிட்டார். படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று, குதியை மெல்லக் கீழே இறக்குவது. 15 தரம், மூன்று சுற்று, முழங்கால் நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை, காலையும் மாலையும். நாளுக்கு 180 இறக்கம், 12 கிழமை, ஒரு நாளும் விடாமல். ஆய்வில் சேர்ந்த 15 ஓட்டக்காரரும் மீண்டும் ஓடினார்கள்.

பதினைந்தே பேர். குலுக்கல் முறையில் பிரிக்கப்படவுமில்லை. ஒரு மருத்துவமுறை இவ்வளவு மெல்லிய அடித்தளத்தில் உலகமெல்லாம் பரவியதை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்வந்த சோதனைகள் பாரமேற்றலைக் கவிழ்க்கவில்லை, சடங்கைத்தான் தளர்த்தின. 2015இல் கோப்பன்ஹேகனில், கிழமைக்கு மூன்று நாள் மட்டும் கனத்த பாரத்தோடு மெதுவாகச் செய்தவர்களும் நாள்தோறும் 180 செய்தவர்களும் ஒரே அளவில் தேறினார்கள். ஆக, எண்ணிக்கையிலோ இறக்கத்திலோ மந்திரம் ஏதுமில்லை. நாணுக்குப் போதிய பாரம் வேண்டும், போதிய காலம் வேண்டும். ஐந்து வருடம் பின்தொடர்ந்த டச்சு ஆய்வொன்றில் நோவே இல்லாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 40 அளவில்தான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மற்றவர்களிற் பலருக்கு இலேசான நோ மிஞ்சியது, அதோடு வாழ்ந்தார்கள்.

அச்சுவேலி, ஆவரங்கால், புத்தூர்ப் பக்கத்துக் கரப்பந்தாட்டப் பெடியள் அறியவேண்டிய ஆய்வு ஒன்றிருக்கிறது. கரப்பந்துக்காரரின் முழங்கால் முன்நாண் நோ உலகெங்கும் உள்ளது. நோர்வேயின் முன்னணி ஆண் வீரர்களில் நூற்றுக்கு 45 பேருக்கு அது இருந்ததாக 2005இல் கண்டார்கள். அதே ஆண்டில் அங்கே 29 வீரர்களிடம் நடந்த சோதனையில், ஆட்டப் பருவத்தில் தொடர்ந்து விளையாடியபடியே பயிற்சி செய்தவர்களுக்குப் பயன் ஏதும் கிடைக்கவில்லை. சிமெந்துத் தரையில் மாலைமுழுதும் பாய்ந்து அடித்துவிட்டு, இரவில் பயிற்சியும் செய்தால் அது மருந்தாகாது. மேலும் ஒரு சுமை. இறுதியாட்டம் வரை இழுத்துக்கொண்டு போய்விட்டு "பிசியோ செய்தும் சரிவரேல்லை" என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

இனி முறிவு நெரிவு வைத்தியர். படித்தவர்கள் அவரை ஏளனம் செய்வது வழக்கம், நான் அதில் சேரவில்லை. நாட்பட்ட நோவுக்கு எண்ணெயும் ஒத்தடமும் இதம் தரும். நாரை ஒழுங்காக்காது, கெடுத்துவிடவும் மாட்டாது. ஆனால் அவரிடம் ஆஸ்பத்திரிக்கு இல்லாத ஒன்று உண்டு. "செவ்வாய்க்கிழமை திரும்ப வா" என்பார். வந்தால் கட்டைப் பிரித்து, கையால் தடவிப் பார்த்து, பத்தியம் காத்தாயா என்று கேட்பார். காத்திருக்காவிட்டால் ஏசுவார். தொடர்ந்து பார்க்கும் அந்த ஏற்பாடு இயன்மருத்துவத்தில் இருந்திருந்தால் என்னுடைய தாள் அலுமாரிக்குள் போயிருக்காது. பொறுமையும் வேண்டும். செயற்கைக் கால் பொருத்தியவர் பத்து நாளில் ஓடவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. 1987இலிருந்து யாழ். ஜெய்ப்பூர் நிலையத்தைப் பார்த்துவரும் ஊருக்கு, நடை மீள்வதற்கு மாதங்கள் பிடிக்கும் என்பது நன்றாகத் தெரியும். தசைநாண் என்று வந்தால் மட்டும் அந்தப் பொறுமை எங்கே போகிறதோ.

ஓரிடத்தில் மட்டும் எண்ணெய்க்கு இடமில்லை. ஆடும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் "டப்" என்று கேட்டு, திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. குதியைத் தூக்கி முன்பாதத்தில் நிற்க முடியவில்லை. குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைத் தசையைப் பிடித்து அமுக்கினால் பாதம் அசையவில்லை. இது அறுந்த நாண். இங்கே உருவினால், சேரவேண்டிய இரு முனைகள் சேராமற் போகலாம். அறுந்தால் எல்லாருக்கும் கத்திதான் என்பதுமில்லை. நோர்வேயில் 554 பேரைச் சேர்த்து நடந்து 2022இல் வெளியான சோதனையில், சத்திரசிகிச்சை செய்தவர்களும் செய்யாதவர்களும் ஒரு வருடத்தில் ஒரே அளவில் நடமாடினார்கள். மறுபடி அறுவது மட்டும் சத்திரசிகிச்சை செய்யாதவர்களில் நூற்றுக்கு 6, செய்தவர்களில் ஒன்றுக்கும் குறைவு. எந்த வழியானாலும் பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டுவது உடனே நடக்கவேண்டும். பெரியாஸ்பத்திரியோ பருத்தித்துறையோ தெல்லிப்பழையோ, அன்றைக்கே போகவேண்டும். பாளைக்கத்தியோ மீன்வெட்டும் கத்தியோ பட்டு விரல் மடங்காமற் போனாலும் இதே கதைதான்.

என் கதையைச் சொல்லி முடிக்கிறேன். நாலு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் ஓர் இளம் இயன்மருத்துவப் பிள்ளை, இயந்திரம் எதையும் தொடாமல், "வீட்டிலை படி இருக்கோ ஐயா?" என்று கேட்டார். இருந்தது, விறாந்தைப் படி. பத்துக்கு ஐந்து வரை நொந்தால் பரவாயில்லை, அடுத்த நாள் காலையில் கூடியிருந்தால் மட்டும் குறையுங்கோ என்றார். எண்ணிக்கையை என் கிளினிக் கொப்பியில் தமிழில் எழுதினார். மூன்றாம் கிழமையில் இரண்டு செங்கல்லைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு நின்றேன். மனைவி அரிசி புடைத்துக்கொண்டே, "நோகிற காலை ஏனப்பா இன்னும் நோகப்பண்ணுறியள்?" என்றாள். இந்தச் சிகிச்சைக்கு எதிரான மிக நியாயமான கேள்வி அதுதான். என்னிடம் பதில் இருந்திராவிட்டால் அன்றே விட்டிருப்பேன். பாதிப்பேர் அங்கேதான் விடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே என் தீர்ப்பு. நாட்பட்ட தசைநாண் நோவுக்குப் பாரமேற்றும் பயிற்சியே முதற்சிகிச்சை. அதைவிட நல்ல சான்றுள்ளது வேறில்லை, யாழ்ப்பாணத்து வீட்டுக்கு அதைவிட மலிவானதும் இல்லை. ஒலியலை இயந்திரம் தள்ளுபடி. ஊசி, முழு உண்மையும் சொன்ன பிறகு, தவிர்க்க முடியாதவர்களுக்கு மட்டும். எண்ணெய் இதத்துக்கு, அறுந்த நாணுக்கு ஒருபோதும் இல்லை. ஆனால் தாளைக் கொடுத்து அனுப்பிவிடுவதை நான் பயிற்சிச் சிகிச்சை என்று ஏற்கவில்லை. இயன்மருத்துவர்களிடம் ஒன்றே கேட்கிறேன். நோயாளியின் கொப்பியில் முதல்நாளே பன்னிரண்டாம் கிழமையின் திகதியையும் எழுதிவிடுங்கள். அதற்கிடையில் இரண்டு தரமாவது கூப்பிட்டுப் பாருங்கள். செய்யாமல் வந்தால் பரியாரியாரைப்போல ஏசுங்கள்.