முட்டை கேட்கத் தெரியாத பிட்ச்சர்

மிகெல் சான்டோஸுக்குச் சொல்லித்தரப்படும் முதல் ஆங்கிலம் ‘ஃப்ளை பால்’, ‘கிரவுண்ட் பால்’, ‘ஹோம் ரன்’. டொமினிக்கன் குடியரசில் ஒரு பேஸ்பால் அகாடமியின் வகுப்பறை. மீசை அரும்பிய பையன்கள் எல்கேஜி பிள்ளைகள் மாதிரி கோரஸாகச் சொல்கிறார்கள். அமெரிக்கா போய் இறங்கிய பிறகுதான் தெரிகிறது, மைதானத்தில் ‘ஐ காட் இட்’ என்று கத்தத் தெரிந்தவனுக்கு ஹோட்டலில் ஒரு முட்டை கேட்கத் தெரியாது என்று. தெரிந்த ஒரே பலகாரத்தின் பெயர் பிரெஞ்ச் டோஸ்ட். அதையே சாப்பிடுகிறார்கள். இன்றும், நாளையும், அதற்கு அடுத்த நாளும்.

அன்னா போடன், ரையன் ஃப்ளெக் இருவரும் எழுதி இயக்கிய ‘ஷுகர்’ 2008இல் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. (இதே ஜோடிதான் பிற்பாடு ‘கேப்டன் மார்வெல்’ எடுத்தது. வாழ்க்கை அப்படித்தான்.) நாயகனாக நடித்த அல்ஹேனிஸ் பெரெஸ் சோட்டோ தொழில்முறை நடிகர் அல்ல, பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தவர். முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி எழுத முடியாது, ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன்: மிகெல் மேஜர் லீக்குக்குப் போவதில்லை. பாதி சீசனில் அணியை விட்டுவிட்டு நியூயார்க்குக்கு பஸ் ஏறுகிறான். என்னோடு படம் பார்த்த நண்பர்களுக்கு அங்கேதான் பிரச்சினை. “பஸ் ஏறினதும் படம் படுத்துருச்சு” என்றார்கள். படமே அந்த பஸ்ஸுக்காகத்தான் எடுக்கப்பட்டது என்பது என் கட்சி.

அதைச் சொல்ல, மிகெல் ஏறும் ஏணியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிரிக்கெட் பழகிய நாம் மைனர் லீக்கை ரஞ்சி மாதிரி நினைத்துக்கொள்வோம். இல்லை. ரஞ்சியில் தமிழ்நாடு அணி ஜெயித்தால் அது ஜெயிப்புதான், கோப்பை உண்டு. மைனர் லீக்கில் ஆட்டக்காரனோடு ஒப்பந்தம் போட்டிருப்பது மேலே உள்ள மேஜர் லீக் கிளப். அவனை எங்கே அனுப்புவது, எப்போது ஏற்றுவது, எப்போது கழற்றிவிடுவது எல்லாம் அவர்கள் முடிவு. ரூக்கி, சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று படிகள். கீழே அணி ஜெயிப்பது இரண்டாம்பட்சம். சரக்கு தேறுகிறதா என்பதுதான் கணக்கு. மேலே 30 அணிகள், அணிக்கு 26 பேர். சீசனின் பெரும்பகுதியில் மொத்தம் 780 நாற்காலிகள்.

ஆனால் தேறக்கூடிய ஒருவன் தேறுவதற்கு ஆட்டம் நடக்க வேண்டும். ஆட்டம் நடக்க அவனுக்குப் பின்னால் எட்டுப் பேர், எதிரில் ஒன்பது பேர். அவர்களில் பெரும்பாலானோர் எங்கேயும் போகப்போவதில்லை என்று சம்பளம் கொடுப்பவர்களுக்குத் தெரியும். போகாதவர்கள் இந்த அமைப்பின் கழிவு அல்ல, மூலப்பொருள். ‘ஷுகர்’ இதை வசனமாகச் சொல்வதே இல்லை. படம் முழுக்க அந்த மூலப்பொருளின் கண்ணிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மிகெல் வரும் ஊர்ப்பக்கம் சான் பெட்ரோ டி மாகொரிஸ். கரும்பாலைகளின் ஊர், சாமி சோசா முதல் ராபின்சன் கானோ வரை நட்சத்திரங்களை அனுப்பிய ஊர். மேஜர் லீக் ஆட்டக்காரர்களில் சுமார் பத்தில் ஒருவர் டொமினிக்கன். 30 கிளப்புகளுக்கும் அந்தத் தீவில் அகாடமி உண்டு. பதினாறு வயதில் ஒப்பந்தம் போடலாம். மிகெலின் கைவசம் இருப்பது நக்கிள் கர்வ். விரலை மடக்கிப் பந்தைப் பிடித்து எறிவது, கடைசி நேரத்தில் பொத்தென்று கீழே இறங்கும். அது அவனை அயோவாவின் சோளக்காட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஹிக்கின்ஸ் என்ற வயதான தம்பதி தங்கள் வீட்டில் தங்கவைக்கிறார்கள். நல்லவர்கள். அவன் எறிவதில் எங்கே கோளாறு என்று சாப்பாட்டு மேஜையிலேயே சொல்லும் அளவுக்கு நல்லவர்கள். ‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’ படத்தில் செத்துப்போன ஆட்டக்காரர்கள் இறங்கி வருவார்களே, அதே அயோவா சோளம்தான். இங்கே சோளம் வெறும் சோளம்.

படத்தில் வில்லனே கிடையாது. ஒரு நாள் துணிந்து முட்டை கேட்கிறான். எப்படி வேண்டும் என்கிறாள் பணிப்பெண். பதில் தெரியாமல் பிரெஞ்ச் டோஸ்டுக்கே திரும்பிவிடுகிறான். அவள் போய் வகைக்கு ஒன்றாகச் செய்து கொண்டுவந்து வைத்து, ஒவ்வொன்றையும் காட்டிப் பெயர் சொல்கிறாள். எனக்குப் படத்திலேயே பிடித்த காட்சி இது. அந்த அன்பு உண்மையானது. அதைக் கொடுமையால் ஈடுகட்டியாக வேண்டும் என்று இயக்குநர்கள் நினைக்கவில்லை. எல்லோரும் நல்லவர்களாக இருந்தும் ஒருவன் தனியாகிப்போவது எப்படி என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

நம் ஊரில் இந்த விஷயத்தில் அதிகம் பேர் பார்த்த படம் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’. 2014இல் டிஸ்னி எடுத்தது, ஏ.ஆர். ரஹ்மான் இசை. ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு உத்தரப்பிரதேசத்துப் பையன்கள் 2008இல் ஒரு டிவி போட்டியில் தேர்வாகி பிட்ஸ்பர்க் பைரட்ஸோடு ஒப்பந்தம் போட்டார்கள். உண்மைக் கதை. படம் ஒப்பந்தத்தோடு முடிகிறது, வயலின் ஏறுகிறது, நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். நிஜத்தில் மிகெலின் கதை ஆரம்பிப்பதே அங்கேதான். தினேஷை 2010இல் விடுவித்தார்கள். ரிங்கு சிங்கிள் ஏ வரை போய், காயங்களோடு மல்லுக்கட்டி, 2018இல் டபிள்யூடபிள்யூஈயில் சேர்ந்தார். அவர்கள் கதையை எடுத்தவர்களுக்கு அவர்களைவிட ஏஜென்ட்தான் சுவாரஸ்யமான பாத்திரமாகப் பட்டார்.

எங்கள் துறையில் ‘மணிபால்’ பார்க்காத மேனேஜர் கிடையாது. அதில்கூட, ஆட்டக்காரனாகத் தோற்ற பில்லி பீன் ஜெனரல் மேனேஜராக வேறு வாசல் வழியே உள்ளே வந்துவிடுகிறார். ‘புல் டர்ஹம்’ எடுத்த ரான் ஷெல்டன் தானே மைனர் லீக்கில் ஆடியவர். அதனால் அதில் மண் வாசனை இருக்கிறது. ஆனால் மேலே நிலைக்காத கிராஷ் டேவிஸுக்குப் பேச்சு இருக்கிறது. தன் தோல்வியை அழகாகப் பேசத் தெரிந்தவன் பாதி ஜெயித்தவன். மிகெலிடம் அந்தச் சொற்களும் இல்லை. காலில் அடிபடுகிறது, திரும்பி வந்தால் பந்து சொன்ன பேச்சு கேட்கவில்லை, அகாடமியிலிருந்து சால்வடோர் என்று இன்னொரு பையன் வந்து இறங்குகிறான். யாரும் மிகெலை வெளியே போகச் சொல்லவில்லை. ஐடி கம்பெனியில் பெஞ்ச்சில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த மௌனம் தெரியும். மெயில் வராது. கேன்டீனில் உங்கள் மேஜைக்கு வருகிறவர்கள் குறைவார்கள். மிகெல் அந்த மெயில் வரும்வரை காத்திருக்காமல் எழுந்து போகிறான். இத்தனை நேரம் மற்றவர்கள் வைத்த இடத்தில் நின்றவன் படத்தில் சொந்தமாகச் செய்யும் பெரிய காரியம் இது ஒன்றுதான். இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெற்றி என்று சொல்லவும்தான். விசா அவன் ஆட்டத்துக்குக் கொடுத்தது; ஊரில் அவன் பணத்தை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஹிக்கின்ஸ் வீட்டுப் பேத்தி ஆன்மீது வரும் ஈர்ப்பு, இந்த மாதிரிப் படத்தில் ஒன்று இருக்க வேண்டுமே என்று வைத்தது போல இருக்கிறது. ஊக்க மாத்திரை விவகாரத்தைத் தொட்டுவிட்டு நழுவுகிறார்கள். காசு விஷயத்திலும் படம் கொஞ்சம் கூச்சப்படுகிறது. அதுவோ கூச்சமே இல்லாத உலகம். மைனர் லீக்காரர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாமலிருக்க 2018இல் அமெரிக்க காங்கிரஸ் தனிச்சட்டமே போட்டது. பெயர், ‘சேவ் அமெரிக்காஸ் பாஸ்டைம் ஆக்ட்’. 2022இல்தான் அவர்கள் சங்கத்தில் சேர முடிந்தது. அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தில் சிங்கிள் ஏ மட்டத்தின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 11,000 டாலரிலிருந்து 26,200 ஆனது. அதே 2023இல் மேஜர் லீக்கின் குறைந்தபட்சம் 7,20,000 டாலர்.

நியூயார்க்கில் மிகெல் பாத்திரம் கழுவுகிறான். ஒரு தச்சுப்பட்டறையில் இடம் கிடைத்து மேஜை செய்கிறான். கேமரா முன்பு நக்கிள் கர்வ் பிடிக்கும் விரல்களைப் பார்த்த அதே பொறுமையோடு இப்போது இழைப்புளி பிடிக்கும் விரல்களைப் பார்க்கிறது. கடைசியில் பிராங்க்ஸில் ஒரு பூங்கா மைதானம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் போல ஒன்று. ஆடுகிறவர்கள் ஒவ்வொருவராக கேமராவைப் பார்த்துத் தங்கள் பெயர், ஊர், ஒரு காலத்தில் ஒப்பந்தம் போட்ட கிளப் எது என்று சொல்கிறார்கள். நடிகர்கள் இல்லை, நிஜமாகவே போய்த் திரும்பியவர்கள். வரிசையில் மிகெலின் முறையும் வருகிறது. ஊர் பெயரை மட்டும் அழுத்திச் சொல்கிறான். பிறகு ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிவிடுகிறான்.