விண்மீன் படமும் வாட்-மணிக் கணக்கும்

இரவு வானத்தைப் படமெடுப்பது ஒரு காலத்தில் வான ஆய்வுக்கூடங்களுக்கே உரிய வேலையாக இருந்தது. 1988 பிப்ரவரி 17-ஆம் நாள், ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் ஆய்வுக்கூடத்தில் ஆர். ராஜமோகன் ஒரு புதிய சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குத் துணை நின்றவை 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியும் ஒளிப்படத் தகடுகளுமே. 4130 என்னும் வரிசை எண்ணைப் பெற்ற அச்சிறுகோள் கணித மேதை ராமானுஜன் பெயரால் வழங்குகிறது. இன்றோ, கல்லூரி மாணவர் ஒருவர் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கி, முக்காலியில் பொருத்தி, அம்பாசமுத்திரத்து வயல்வெளியிலிருந்தே ஓரியன் நெபுலாவைப் படமெடுத்துவிட முடிகிறது. இது மகிழத்தக்க வளர்ச்சி.

ஆனால் இவ்வளர்ச்சியோடு ஒரு புதிய இடரும் வந்து சேர்ந்தது, அதுதான் மின்சாரம். 1976 முதல் 1997 வரை விற்பனையில் இருந்த பென்டாக்ஸ் கே1000 போன்ற ஃபிலிம் கேமராக்களில் கதவு இயங்கியது சுருள்வில்லின் விசையால். உள்ளே இருந்த சிறு மின்கலம் ஒளியை அளக்க மட்டுமே பயன்பட்டது. கதவைத் திறந்து பூட்டிவிட்டால் விடியும்வரை அது மின்சாரமின்றித் திறந்தே கிடக்கும். டிஜிட்டல் கேமராவின் கதை வேறு. கதவு திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் உணரியும் அதைச் சார்ந்த சுற்றுகளும் மின்சாரத்தை உண்டுகொண்டே இருக்கும். ஆகவே இரவு முழுதும் கேமராவுக்கு மின்சாரம் ஊட்டுவது எவ்வாறு என்ற கேள்வி எழுகிறது.

இக்கேள்விக்கு விடை கூறும் கையேடுகள் ஆங்கிலத்தில் ஏராளம். அவற்றைத் தழுவித் தமிழிலும் குறிப்புகள் எழுதப்படுகின்றன. அவற்றை முற்றிலும் பழிப்பது நம் நோக்கமன்று. அவை கூறும் முதல் யோசனை மிகச் சரியானதே. கேமராவின் பாட்டரிக்குப் பதிலாக, அதே வடிவிலுள்ள 'டம்மி பாட்டரி'யைச் செருகி, கம்பி வழியே வெளியிலிருந்து மின்சாரம் தருவதே அந்த யோசனை. நடு இரவில் பாட்டரியை மாற்றக் கேமராவைத் தொட்டால் குறி விலகும், கூர்மையும் கெடும். டம்மி பாட்டரி இருந்தால் தொடவே வேண்டியதில்லை. ஆனால் வெளியிலுள்ள மின்கலம் எது, எவ்வளவு பெரியது என்று சொல்லும் இடத்தில்தான் இக்கையேடுகள் நம் நாட்டு மாணவனைக் கைவிடுகின்றன. அது எவ்வாறு என்று பார்ப்போம்.

எம்.ஏ.எச். என்னும் மயக்கம்

கடையில் பவர் பேங்க் வாங்கச் செல்பவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எம்.ஏ.எச்.?" என்பதுதான். கையேடுகளும் அதே அலகில்தான் பேசுகின்றன. கேனான் 1500டி கேமராவின் எல்பி-இ10 பாட்டரியில் 860 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருக்கிறது. பவர் பேங்கிலோ 20000. மாணவர் வகுத்துப் பார்க்கிறார்: ஏறத்தாழ 23. "இருபத்து மூன்று பாட்டரிகள் என் பையில்!" என்று மகிழ்கிறார்.

இந்தக் கணக்கில் பிழை இருப்பது வகுத்தலில் அன்று, அலகில். ஆம்பியர்-மணி என்பது மின்னூட்டத்தின் அளவு, ஆற்றலின் அளவன்று. மலை உச்சித் தொட்டியிலுள்ள ஒரு குடம் நீரும் வாசற்படியிலுள்ள ஒரு குடம் நீரும் அளவில் ஒன்றே. ஆனால் அவை விழும்போது செய்யும் வேலை ஒன்றாகுமா? உயரம் நீருக்கு எப்படியோ, மின்னழுத்தம் மின்னூட்டத்துக்கு அப்படி. கேமரா பாட்டரியின் மின்னழுத்தம் 7.4 வோல்ட். ஆகவே அதன் ஆற்றல் 7.4 × 0.86 = 6.4 வாட்-மணி. பவர் பேங்கின் 20000 என்ற எண் அதனுள் இருக்கும் 3.7 வோல்ட் கலங்களுக்கு உரியது. அதன் ஆற்றல் 3.7 × 20 = 74 வாட்-மணி. முதலில் 5 வோல்ட்டுக்கும், பிறகு கேமரா கேட்கும் ஏறத்தாழ 8 வோல்ட்டுக்கும் உயர்த்தும்போது ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது என்று கொண்டால், கைக்கு எட்டுவது சுமார் 60 வாட்-மணி. அதாவது ஒன்பது பாட்டரிகளுக்குச் சற்று மேல். இருபத்து மூன்று அல்ல.

வாட்டும் கிலோவாட்-மணியும் நம் மாணவர்கள் பத்தாம் வகுப்பிலேயே படிக்கும் பாடங்கள். வீட்டு மின்கட்டணத்தின் 'யூனிட்' என்பதே 1000 வாட்-மணிதான். அறிந்த அலகை மறைத்து, பெரிதாகத் தோன்றும் எண்ணைக் காட்டுவது வணிகருக்கு ஆதாயமாக இருக்கலாம். கற்பிக்க வந்த கையேடும் அதையே திருப்பிச் சொல்வது முறையன்று.

யாருடைய குளிர்?

கையேடுகளின் அடுத்த எச்சரிக்கை குளிரைப் பற்றியது. உறைநிலையை நெருங்கும்போது லித்தியம் கலத்தின் அகத்தடை உயர்கிறது. பாட்டரி விரைவில் ஓய்ந்துவிடுகிறது. எனவே அதைத் துணியில் சுற்று, சட்டைப்பையில் வைத்துச் சூடாக்கு என்கின்றன. அவை எழுதப்பட்ட நாடுகளில் இது உண்மை. திருநெல்வேலியிலோ தை மாத விடியற்காலையிலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. இங்கே பாட்டரியைப் போர்த்தி வைப்பது வீண். வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் வைக்காதே என்பதே நமக்கு வேண்டிய எச்சரிக்கை. வெப்பம் லித்தியம் கலத்தின் ஆயுளைக் குறைக்கும்.

நம் பள்ளத்தாக்கின் எதிரி குளிரன்று, பனித்துளி. பிசான நெல் விளையும் மாதங்களில் தாமிரபரணிக் கால்வாய்களும் வயல்களும் நீர் நிறைந்து கிடக்கும். காற்றில் ஈரம் மிகும். மேகமற்ற வானத்தை நோக்கிய லென்ஸ் தன் வெப்பத்தைக் கதிர்வீசி இழந்து, சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உடனே அதன்மேல் பனி படியும். எந்த இரவு படத்துக்கு உகந்ததோ, அந்த இரவே பனிக்கும் உகந்தது! இதைத் தடுக்க லென்ஸைச் சுற்றி ஒரு சூட்டுப் பட்டை கட்ட வேண்டும். பெரும்பாலும் அது கேமராவைவிட மிகுதியான மின்சாரத்தை உண்ணும். பவர் பேங்கைக் கேமராவுக்கு மட்டும் கணக்கிட்டுச் சொல்லும் குறிப்பு இங்கே பயன்படாது.

வெப்பத்தின் தீங்கு இன்னொன்றும் உண்டு. உணரியில் ஒளியே படாதபோதும் ஒரு சிறு மின்னோட்டம் சுரக்கும். இந்த 'இருள் மின்னோட்டம்' வெப்பநிலை சுமார் 6 டிகிரி உயரும்போதெல்லாம் இரட்டிக்கிறது. 5 டிகிரியில் எடுத்த படத்தோடு ஒப்பிட, நம் சித்திரை மாத இரவில், 26 டிகிரியில், அது பத்து மடங்குக்கும் மேல். கேமரா உண்ணும் ஒவ்வொரு வாட்டும் முடிவில் அதன் உடலுக்குள் வெப்பமாகவே மாறுகிறது. எனவே பின்புறத் திரையையும் வைஃபையையும் அணைத்து வைப்பது பாட்டரிக்காக மட்டுமன்று, படத்தின் தூய்மைக்காகவும்தான். குளிர் நாட்டுக் கையேடு சிக்கனமாகச் சொல்லும் இதை நாம் விதியாகக் கொள்ள வேண்டும்.

யாருடைய கார்?

"காரின் 12 வோல்ட் இணைப்பிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்" என்பது மற்றொரு யோசனை. நம் மாணவர்கள் வருவது பேருந்திலும் இருசக்கர வண்டியிலும். வண்டியின் பாட்டரி பெரும்பாலும் 12 வோல்ட், 4 அல்லது 5 ஆம்பியர்-மணி. அதாவது 50 அல்லது 60 வாட்-மணி. அதை இரவெல்லாம் கறந்துவிட்டால், மணிமுத்தாறு மலையடிவாரத்தில் விடியற்காலையில் வண்டி கிளம்பாது. உதைத்துக் கிளப்பும் வசதியும் இன்று பல வண்டிகளில் இல்லை.

இதைவிடக் கொடிய தவறு, 12 வோல்ட்டை நேரே கேமராவுக்குக் கொடுப்பது. முழுதும் ஏற்றிய கேமரா பாட்டரியே 8.4 வோல்ட்டைத் தாண்டாது. இடையில் மின்னழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கும் மாற்றியும், மின்கலத்தின் நேர் முனையை ஒட்டி ஒரு ஃபியூஸும் கட்டாயம் வேண்டும். பழைய மடிக்கணினியின் லித்தியம் கலங்களைப் பிரித்து இணைக்கச் சொல்லும் குறிப்புகளும் உலவுகின்றன. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அவை தீப்பற்றும். கண்காணிப்பவர் அருகில் இல்லாத வயல்வெளியில் மாணவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பது பொறுப்பற்ற செயல்.

நமக்குரிய கணக்கு

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது யாது? மாசி மாதத் தொடக்கத்து இரவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரவு 8 மணி முதல் காலை 5 மணி வரை, ஒன்பது மணி நேரம். திரை அணைத்த கேமராவுக்கு 2.5 வாட், சூட்டுப் பட்டைக்கு 5 வாட், புவிச் சுழற்சிக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் சிறு மோட்டாருக்கு 1.5 வாட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 9 வாட். ஒன்பது மணி நேரத்துக்கு 81 வாட்-மணி. வீணாவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 100. வீட்டுக் கணக்கில் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு! பாபநாசத்தில் 1944-லேயே நீர்மின் நிலையம் கண்ட மாவட்டம் இது. கூடங்குளத்தில் 1000 மெகாவாட் உலைகள் இரண்டு இயங்கும் மாவட்டம். இந்தச் சிறு ஆற்றலை வயல்வரப்புக்குக் கொண்டு செல்வதுதான் நம் சிக்கல்.

ஒரே ஒரு 20000 பவர் பேங்கை நம்பியவருக்கு என்ன நேரும்? கிடைக்கும் 60 வாட்-மணியை 9 வாட்டால் வகுத்தால் ஏழு மணி நேரம்கூட இல்லை. இரவு மூன்று மணிக்கு முன்பே எல்லாம் நின்றுவிடும். அந்த நாட்களில் ஒமேகா சென்டாரி என்னும் கோள வடிவ விண்மீன் கூட்டம் உச்சியைக் கடப்பது காலை நான்கு மணி அளவில். திருநெல்வேலியின் தென்வானில் அது 34 டிகிரி உயரம் வரை எழுகிறது. லண்டன் நகரத்தார் தம் ஊரிலிருந்து அதை என்றுமே காண முடியாது. நம் வானத்தின் இந்தச் செல்வம் எழும் வேளையில் நம் பாட்டரி ஓய்ந்துபோவது, பிறர் கணக்கை நம் கணக்காகக் கொண்டதன் விலை.

தீர்வு எளிது. இரண்டு பவர் பேங்குகள். ஒன்று கேமராவுக்கு மட்டும், மற்றொன்று பட்டைக்கும் மோட்டாருக்கும். முதலாவது 24 மணி நேரம் தாங்கும். இரண்டாவது பத்து மணி நேரம் தாங்கும். மறுநாள் இரண்டும் கைப்பேசிக்குப் பயன்படும். வசதியுள்ள கல்லூரி மன்றங்கள் 12.8 வோல்ட், 12 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் ஒன்றை வாங்கலாம். அதில் 153 வாட்-மணி உண்டு. யூ.பி.எஸ். கருவியில் வரும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈயக்காடி மின்கலத்தில் 84 வாட்-மணி இருந்தாலும், அதன் ஆயுள் கருதிப் பாதியையே பயன்படுத்த வேண்டும், ஒன்று போதாது.

கம்பியிலும் கவனம் தேவை. 0.2 சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ள செப்புக் கம்பி இரண்டு மீட்டர் நீளம் சென்று திரும்பினால் மின்தடை 0.34 ஓம். கதவு திறக்கும் கணத்தில் 1.5 ஆம்பியர் பாய்ந்தால் அரை வோல்ட் கம்பியிலேயே போய்விடும். 5 வோல்ட்டில் அது பத்தில் ஒரு பங்கு. பாட்டரி நிறைந்திருந்தும் கேமரா அணைந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். குட்டையான, தடித்த கம்பியே நல்லது. செலவே இல்லாத வழி ஒன்றும் உண்டு: லென்ஸின் முன் கறுப்பு அட்டையால் ஒரு குழல் செய்து மாட்டினால் பனி படிவது தாமதமாகும், பட்டையின் வேலையும் குறையும்.

கையேடுகளில் உள்ள இயற்பியல் பொய்யன்று. அதில் இட வேண்டிய எண்கள்தாம் ஊருக்கு ஊர் மாறுகின்றன. தமிழில் எழுதுவோர் சொற்களைப் பெயர்த்தால் மட்டும் போதாது. வெப்பநிலையையும் பனியையும் வண்டியையும் நம் ஊரிலிருந்து எடுத்து எழுத வேண்டும். மாணவர்களோ கடைக்காரரிடம் இனி "எத்தனை வாட்-மணி?" என்று கேட்கட்டும். அந்த எண் பெரும்பாலும் பவர் பேங்கின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும்.