இறங்கத் தெரிந்த பட்டாளம்

காலாட்படைச் சிப்பாய்க்குத் தெரிந்த தொழில் நடப்பது, சுடுவது, பள்ளம் தோண்டிக் காத்திருப்பது. அதில் ஊறிப்போன ஒரு பட்டாலியனைக் கலைக்காமல் அப்படியே எடுத்து வேறொரு தொழிலுக்குப் பழக்குவது பெரிய வித்தை. அந்த வித்தையை ரசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் அண்ட் பக்கிங்ஹாம்ஷயர் லைட் இன்ஃபன்ட்ரியை. சுருக்கமாக, ‘ஆக்ஸ் அண்ட் பக்ஸ்’.

இரண்டாம் உலகப் போரின்போது, இந்த ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியன் 1940-இல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்து திரும்பியது. அடுத்த ஆண்டின் கடைசியில் அதைக் கிளைடர் படையாக மாற்றினார்கள். பாராசூட் வீரர்கள் தாமாக முன்வந்து பெயர் கொடுத்தவர்கள். இவர்களோ பட்டாலியனோடு சேர்த்து மாற்றப்பட்டவர்கள். முதுகில் பாராசூட்டும் கிடையாது. ஏறிய வாகனம் ஹோர்சா என்ற மரக் கிளைடர். இறக்கையின் அகலம் 88 அடி. மேசை நாற்காலி செய்துவந்த ஹாரிஸ் லீபஸ் போன்ற கம்பெனிகளின் தச்சர்களும் அதன் பாகங்களைச் செய்தார்கள். குண்டுவீச்சு விமானம் ஒன்று கயிறு கட்டி இழுத்துப் போகும். கயிற்றை விட்டுவிட்டால் அப்புறம் இறக்கம்தான். இடம் தவறிவிட்டதென்று மறுபடி மேலே ஏறிச் சுற்றிவர அதில் இன்ஜின் இல்லை.

பிரான்சின் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் கரையிறங்கும் நாளில், கேன் கால்வாய்க்கும் ஓர்ன் ஆற்றுக்கும் மேலிருந்த இரண்டு பாலங்களைச் சேதமில்லாமல் பிடிக்கும் வேலை இந்தப் பட்டாலியனின் ‘டி’ கம்பெனிக்கு வந்தது. அதன் தலைவர் மேஜர் ஜான் ஹவர்ட், போருக்கு முன் ஆக்ஸ்ஃபோர்ட் நகரில் போலீஸ்காரராக இருந்தவர். அவர் பயிற்சி கொடுத்த விதத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப ரசிக்கிறேன். சண்டை இருட்டில் நடக்கும் என்று கணித்து, வாரக்கணக்கில் கம்பெனியின் இரவையும் பகலையும் மாற்றிப் போட்டார்; பகலெல்லாம் தூக்கம், ராத்திரி முழுக்க வேலை. எக்ஸெட்டர் நகருக்குப் பக்கத்தில், ஆறும் கால்வாயும் அருகருகே ஓடும் இடத்தில், அசல் பாலங்களைப் போலவே இரண்டு பாலங்களைத் தேடிப்பிடித்து ஒத்திகை பார்த்தார். ஒத்திகையின் சூட்சுமம் இதுதான்: எந்தக் கிளைடர் முதலில் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே எந்தப் பிளட்டூன் முதலில் வந்து சேர்கிறதோ அது முதல் வேலையைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பிளட்டூனும் மற்றவர்களின் வேலையையும் மனப்பாடமாகக் கற்றது. முதல் கிளைடர் வரவே இல்லை என்றாலும் வேலை நிற்காது.

கிளைடர் விமானிகளின் பயிற்சி தனி. பட்டப்பகலில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மரக்கூட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணத் திடலில் இறக்கிப் பழகினார்கள். அப்புறம் நிஜ இரவு. கையில் ஸ்டாப்வாட்ச், முன்னால் திசைகாட்டி. இத்தனை விநாடி நேரே, பிறகு திரும்பு, மறுபடி இத்தனை விநாடி.

1944 ஜூன் 6, நள்ளிரவு தாண்டி 16 நிமிடம். ஸ்டாஃப் சார்ஜண்ட் ஜிம் வால்வொர்க் ஓட்டிய கிளைடர் கால்வாய்ப் பாலத்திலிருந்து ஏறத்தாழ 50 கஜத்தில், முள்வேலிக்குள் மூக்கைச் செருகி நின்றது. இரண்டு விமானிகளும் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்தார்கள், உயிர் தப்பினார்கள். பத்து நிமிடத்துக்குள் பாலம் கைக்கு வந்தது. பாலத்தில் முதலில் ஓடிய லெப்டினன்ட் டென் பிரதரிஜ் குண்டடிபட்டு இறந்தார். ஆறு கிளைடரில் ஒன்று வழி மாறி மைல்கள் தள்ளி வேறொரு ஆற்றங்கரையில் இறங்கியது. அந்தக் குறையையும் ஒத்திகை தாங்கிக்கொண்டது.

இந்த இறக்கத்தைப் பற்றிப் புத்தகங்களும் படமும் வந்துவிட்டன. அதே ரெஜிமெண்டைச் சேர்ந்த இன்னொரு பட்டாலியன் அதே நாளில் சில கிலோமீட்டர் வடக்கே, ஸ்வோர்ட் கடற்கரையில் இறங்கியதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அது மனக்குறை.

முதலாம் பக்கிங்ஹாம்ஷயர் பட்டாலியன் 1940 மே மாதம் பிரான்சின் ஹாஸ்ப்ரூக் ஊரில், டன்கிர்க் நோக்கிப் பின்வாங்கிய படைகளுக்கு நேரம் வாங்கித் தருவதற்காக நின்று போரிட்டுச் சிதைந்துபோனது. மறுபடி ஆள் சேர்த்துக் கட்டியெழுப்பி, அதற்குக் கடற்கரைக் குழுவின் வேலையைக் கொடுத்தார்கள். படகுகள் எங்கே ஒதுங்க வேண்டும் என்று பகலில் கொடியாலும் இரவில் விளக்காலும் காட்டுவது, மணலில் வண்டிச் சக்கரம் புதையாமல் பாதை போடுவது, சரக்கை இறக்கி வெடிமருந்தை ஒரு பக்கமும் பெட்ரோலை ஒரு பக்கமும் அடுக்குவது, காயம்பட்டவர்களைத் திரும்பும் படகில் ஏற்றுவது. இத்தனையும் எதிரியின் குண்டுக்கு நடுவே. ஜூன் 6 அன்று காற்று கரையை நோக்கி அடித்ததால் கடல் வழக்கத்தைவிட மேலேறி, மணற்பரப்பு சுமார் பத்து கஜமாகச் சுருங்கிவிட்டது. அந்த ஒடுக்கத்தில் டாங்கியும் லாரியும் ஆளும் நெருக்கியடித்து நிற்க, வழி திறந்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒரே நாளில் 28,000-க்கும் மேற்பட்டோர் அந்தக் கரை வழியே உள்ளே போனார்கள். பாலத்தில் காத்திருந்த ஹவர்டின் ஆட்களுக்குத் துணையாக மதியம் வந்து சேர்ந்த கமாண்டோக்களும் ஸ்வோர்டில் இறங்கியவர்களே.

இதே ரெஜிமெண்டின் ஆறாம் பட்டாலியன் பர்மாவின் அரக்கான் காடுகளிலும், ஏழாம் பட்டாலியன் இத்தாலியின் சலெர்னோ, அன்சியோ களங்களிலும் போரிட்டன. அவை தொழில் மாறாமல் காலாட்படையாகவே இருந்தன.

கிளைடர் தொழிலுக்கும் எல்லை உண்டு. 1945 மார்ச் 24 அன்று, ரைன் நதிக்கு அப்பால் ஹம்மின்கெல்ன் ஊரருகே, இரண்டாம் பட்டாலியன் பட்டப்பகலில் இறங்கியது. விமான எதிர்ப்புப் பீரங்கிகள் விழித்திருந்தன. குறித்த இடங்களைப் பிடித்தார்கள். ஆனால் இழப்பு மிகக் கொடுமையானது. முந்தைய ஆண்டு இருட்டும் திடீர்த்தாக்குதலும் கொடுத்த பாதுகாப்பு இந்த முறை இல்லை.

நார்மண்டிக்குப் போகிறவர்கள் ரான்வில்லில் உள்ள அருங்காட்சியகத்தில் அந்தப் பழைய கால்வாய்ப் பாலத்தையே பார்க்கலாம். கிளைடரின் மாதிரி ஒன்றும் அங்கே நிற்கிறது. பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். ஸ்வோர்ட் கடற்கரைக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.